தெருவுக்கு அடியில் தெரிந்த பள்ளங்கள்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சொன்னால் புரியாது, சொல்லாவிட்டால் திமிர் என்பார்கள். பூமியைத் தட்டி, கீழே இருந்து திரும்பி வரும் அதிர்வைப் பதிவு செய்து, அதைப் படமாக்கிப் படிக்கிற வேலை என்று ஒருமுறை திருச்சானூரில் ஒரு கல்யாணப் பந்தியில் விளக்கினேன். பக்கத்து இலைக்காரர் பாயசத்தை நிறுத்திவிட்டு, "அப்போ ஸ்கேன் சென்டர்னு சொல்லுங்க" என்றார். சொந்த ஊர் புத்தூர் என்றும் தெரிந்துவிட்டதா, போச்சு. எலும்பு கட்டுக்குப் பேர்போன ஊராயிற்றே, கையலம்பி வந்த கையோடு வேட்டியை மடித்து முழங்காலைக் காட்டினார்.

நான் பார்ப்பது முழங்கால் இல்லை. சென்னையில் பல வருஷம் கடலுக்கு அடியில் எடுத்த பதிவுகளைப் படித்தேன். கப்பலையும் பார்த்ததில்லை, கடலிலும் இறங்கினதில்லை, குளிர்ப்பதன அறையில் உட்கார்ந்து திரையில் கோடுகளை மட்டும் பார்த்தேன். அது அலுத்துப் போய் திருப்பதிக்குத் திரும்பி, ஒரு சின்ன சர்வே கம்பெனியில் சேர்ந்தேன். பாலம் கட்டும் இடம், ஏரிக்கரை, தண்ணீர்த் தொட்டி வைக்கிற மேடு, இப்படி அடியில் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. கோடு அதே கோடுதான். ஆனால் இங்கே கோட்டின் மேல் கால் வைத்து நிற்கலாம், அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

எனக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் அதிகம். திருமலைக்குப் பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பள்ளத்தாக்கு பக்கம் ஜன்னல் கேட்பார்கள், நான் மலைச் சுவர் பக்கம் கேட்பேன். கீழே கருங்கல், அதன் தலைமேல் சீவி வைத்தது மாதிரி வேறொரு பாறை அடுக்கு. இரண்டுக்கும் நடுவில் பல கோடி வருஷம் காணாமல் போயிருக்கிறது. பஸ் முழுக்க கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருக்கையில் அந்தக் காணாமல் போன காலம் எங்கே போயிற்று என்று நான் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்ததுண்டு.

இந்தக் கதை மலையில் நடந்ததில்லை. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு சிற்றூர், அதில் ஒரு நெசவாளர் தெரு. இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் வீடுகள், வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஐப்பசி மழையில் அந்தத் தெருவின் ஓரத்தில் திடீரென்று ஒரு குழி விழுந்தது. ஒரு அண்டா உள்ளே இறங்குகிற அளவு. யாருக்கும் அடிபடவில்லை. சரளை கொட்டி மூடிவிட்டார்கள். ஆனால் எம்மாரோ ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற மண்டல அலுவலகத்துக்குப் பயம் பிடித்துவிட்டது. தெருவுக்கு அடியில் எல்லாம் வெற்றிடமாக இருந்தால், அடுத்த மழைக்கு முன்னால் எல்லா வீடுகளையும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாற்று இடம் பைபாஸுக்கு அந்தப் பக்கம். மனை உண்டு, தறி ஓட்டுகிற கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. தறி ஓடாத இடத்தில் நெசவாளிக்கு வீடு எதற்கு என்பதுதான் தெருவின் கேள்வி.

அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல எங்களை அனுப்பினார்கள். நானும் என்னோடு களவேலை செய்கிற தெலுங்குக்காரத் தம்பியும் வேனில் போய் இறங்கியபோது, தெருவின் நடுவில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்மணி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். ஐம்பது வயசிருக்கும். தெருவே அவள் பின்னால் நின்றது.

"இன்னா மேடம், எங்க தெருவுக்கு ஸ்கேனு எடுக்க வந்துக்கீறீங்களா?"

"ஆமாக்கா."

"எம்மாரோ ஆபீஸ்ல சொல்லிக்கினு கீறாங்க, தெருவே உள்ள போயிடுமாம். நாங்க இன்னா எலியா, வளைக்குள்ளாற போறதுக்கு? நல்லா பாத்து சொல்லு. நான் இந்த வூட்ட வுட்டு எங்கியும் போவ மாட்டேன்."

நீங்கள் என்று ஆரம்பித்து நீ என்று முடித்துவிட்டாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அவள் மட்டும் கடைசி வரை என்னை மேடம் என்றாள்.

எங்கள் முறை ரொம்ப எளிது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, அடியில் ஒரு ஆணி. அதற்கு ஜியோஃபோன் என்று பெயர். தெரு ஓரத்தில், சாக்கடைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருந்த மண்ணில், வரிசையாக அதைக் குத்தி வைத்தோம். ஒரு இரும்புத் தகட்டைத் தரையில் போட்டுச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அடி கீழே போகும், பாறையில் மோதும், திரும்பி வரும். அது எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதைக் கருவிகள் எழுதும். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது மாதிரிதான், அதைவிடக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தொல்லை என்னவென்றால், தெருவே அதிர்ந்துகொண்டிருந்தது. அத்தனை தறியும் ஓடும்போது எங்கள் சம்மட்டி அடி எங்கே கேட்கும்? தம்பி கைகளைத் தூக்கி, "அக்கா, தறி ஆபண்டி, கொஞ்சம் ஆபண்டி" என்று தறியை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகக் கெஞ்சினான். யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா வாசலில் இறங்கி ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள். தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

அந்த அமைதியில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. ராத்திரி ஷிப்ட் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற ஆண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அக்காவின் புருஷன் லுங்கியை இறுக்கிக்கொண்டு, "கரண்டு போய்ட்ச்சா?" என்று கேட்டார். சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களுக்கு அமைதி வந்தால் தூக்கம் போய்விடுமாம். குழந்தைகளின் அழுகை எங்கள் கருவிக்கு ஒன்றும் செய்யாது, அது காற்றில் போகிற சத்தம். ஆனால் அந்த அழுகையில் எனக்குத்தான் மனசு வேலையில் நிற்கவில்லை.

திருப்பதிக்கு வந்து பதிவுகளைக் கூட்டி, சத்தத்தைக் கழித்து, படமாக்கினேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு அது மழையில் நனைந்த கோலம் மாதிரி இருக்கும். மேலிருந்து கீழே நெளிகிற கோடுகள், குறுக்கே கறுப்பாகச் சில பட்டைகள். முதல் பட்டை மக்கிய பாறையின் தலை, அதற்குக் கீழே இன்னொரு பட்டை, கெட்டிக் கருங்கல்லின் தலை. அவை நேராகப் போக வேண்டும். போகவில்லை. தெரு நெடுக, பட்டை கீழே தொய்ந்து, மேலே வந்து, மறுபடி தொய்ந்து போயிற்று. கொடியில் துணி காயப்போட்டால் கயிறு தொய்யுமே, அந்த மாதிரி வரிசையாகப் பள்ளங்கள்.

மண்டல அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி திரையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதந்தா காலீனா மேடம்?" என்றார். எல்லாம் வெற்றிடமா என்று கேட்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் பாறை உள்ளே அமுங்கியிருக்கிறது, மழையில் ஒன்று மேலே உடைந்து குழி விழுந்திருக்கிறது. கதை நன்றாகப் பொருந்தியது. இரண்டொரு நாளில் அறிக்கை கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரொம்ப நன்றாகப் பொருந்துகிற கதையைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் அரிக்கும். அன்று சாயந்திரம் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு அதையே யோசித்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. பள்ளங்கள் ஒரே இடைவெளியில் வந்தன. பாறைக்கு ஏது அளவுநாடா? தண்ணீர் அரித்தாலும், பாறை விரிசல் விட்டாலும், ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, ஒன்று இங்கே ஒன்று எங்கேயோ என்றுதான் இருக்கும். வீட்டு மனை மாதிரி அளந்து போட்ட பள்ளத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆட்டோ என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. இறங்கித் திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை படத்தை மறுபடி பார்த்தேன். மேல் பட்டை எவ்வளவு தொய்ந்ததோ, அதே அளவுதான் கீழ்ப் பட்டையும் தொய்ந்திருந்தது. அச்சு அசல். இங்கேதான் எங்கள் தொழிலின் சூட்சுமம். படத்தில் மேலிருந்து கீழே போவது ஆழம் இல்லை, நேரம். எதிரொலி தாமதமாக வந்தால் படத்தில் அது கீழே விழும். பாறை ஆழத்தில் இருந்தாலும் தாமதமாகும், வழியில் பொலபொலவென்று மண் இருந்து அதிர்வு தள்ளாடி நடந்து வந்தாலும் தாமதமாகும். மேலே ஒரு இடத்தில் தாமதம் ஆனால், அந்த வழியாக வருகிற எல்லா எதிரொலியும் ஒரே அளவு தாமதிக்கும். அப்படியானால் பள்ளம் கீழே பாறையில் இல்லை. மேலே, தெருவின் தோலுக்கு அடியில், வீட்டுக்கு ஒன்றாக ஏதோ இருக்கிறது. என்ன அது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த ரயிலைப் பிடித்துப் புத்தூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போனேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து நூல்கண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ரோடு ஓரத்துல முன்னாடி இன்னா இருந்திச்சி?"

"இன்னா இருக்கும்? வூடுதான். எல்லா வூட்டுக்கும் மொத ரூமு அங்கதான் இருந்திச்சி. ரோடு அகலம் பண்ணப்ப இட்ச்சிட்டாங்க."

"அந்த ரூம்ல?"

"தறி. மொதல்ல கைத்தறிதான மேடம். குழித்தறி. குழி வெட்டி, காலு உள்ள வுட்டு ஒக்காந்துக்கினு மிதிப்பாங்க. வூட்டுக்கு ஒரு குழி." அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "கரண்டு தறி வந்தப்பறம் குழி எதுக்கு? ரோடு போடறவன் செவுத்த இட்ச்சி, மண்ண அதுக்குள்ளியே தள்ளி மூடிட்டு போய்க்கினே இருந்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: அந்தக் குழிகளில் கெட்டிப்படாத மண் இருக்கிறது, அது எங்கள் எதிரொலியைத் தாமதப்படுத்துகிறது, அதனால்தான் கீழே பாறை அமுங்கியது மாதிரி தெரிகிறது. மழையில் விழுந்ததும் பாதாளம் இல்லை, யாரோ கால் தொங்கப்போட்ட குழிதான். குழாய்த் தண்ணீர் கசிந்து உள்ளே இருந்த மண்ணைக் கரைத்திருக்கும்.

"அப்போ தெரு உள்ள போவாதா?"

"கணக்குப் போட்டுப் பார்க்கணும். ஆனா போகாதுன்னுதான் நெனக்கறேன்."

அவள் எழுந்து தெருவைப் பார்த்து, "ஏய், கேட்டுக்குங்க, நம்ம காலுதான் நம்மள பயமுறுத்திக்கினு இருந்திச்சாம்" என்று குரல் கொடுத்தாள். தறிச் சத்தத்தில் எத்தனை பேருக்குக் கேட்டதோ. பிறகு பெருமையாக என்னிடம் திரும்பினாள். "எங்க வூட்ல குழியே கெடயாது மேடம். எங்குளுது புச்சு வூடு. காலி மனையா கெடந்திச்சி, நாங்க வாங்கி கட்னப்பவே கரண்டு தறிதான்." நான் நல்லது என்று தலையாட்டிவிட்டு, அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கருவிக்கும் முதல் அதிர்வு எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, மேல்மண்ணின் தாமதத்தை அதனதன் கோட்டிலிருந்து கழிக்க வேண்டும். ஒன்றைக் கழித்ததும் ஒரு பள்ளம் நிமிர்ந்தது. அடுத்ததைக் கழித்தேன், அதுவும் நிமிர்ந்தது. சுருங்கிய சேலையைக் கையால் நீவிவிட்டது மாதிரி, பட்டைகள் தெரு நெடுக நேராகிக்கொண்டே வந்தன. தம்பி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் "ஆ" என்றான். அவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்து வெகுநாள் ஆகிறது.

தெருவின் நடுவில் ஒன்று மட்டும் நிமிரவில்லை.

கொஞ்சம் ஏறியது, பிறகு அடம் பிடித்தது. முதலில் நான் கவனிக்கத் தவறியிருந்தேன், அங்கே கீழ்ப் பட்டை தொய்யவில்லை, அறுந்தே போயிருந்தது. அறுந்த இரண்டு முனைக்கும் நடுவில் வெறும் இரைச்சல். மற்ற பள்ளங்களைவிட அகலம் அதிகம். எந்த வீட்டுக்கு எதிரில் என்று பார்க்கக் களக்குறிப்பை எடுக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. குழியே வெட்டாத வீடு.

அன்று முழுக்க அதை இல்லாமல் செய்யப் பார்த்தேன். நேர்மையாகத்தான் பார்த்தேன், ஆனால் ஆசையோடு பார்த்தேன். மேல்மண்ணின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். கெட்டுப்போன கருவியாக இருக்குமோ என்று அந்தக் கோடுகளை எடுத்துவிட்டுப் பார்த்தேன். எடுத்த இடத்திலும் பக்கத்துக் கோடுகள் அதையே காட்டின. கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்கிற அரிப்பு எனக்கு எப்போதும் உண்டு. பதில் வேறாக இருக்கக் கூடாதா என்று ஏங்கியது அன்றுதான்.

தெரு நெடுகக் கருவிகளை வரிசையாக வைத்த ஒரே ஒரு கோட்டைக் கொண்டு ஒரு வீட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. குறுக்கே இன்னொன்று வேண்டும். அது அவள் வீட்டுக்குள்ளேயே போகும். இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அக்கா மகிழ்ச்சியாகக் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டாள். சிமெண்ட் தரையில் ஆணி இறங்காது, அதனால் களிமண் உருண்டை வைத்து அதன்மேல் கருவிகளை உட்கார வைத்தோம். வாசலிலிருந்து, தறியின் பக்கவாட்டில், சமையலறை வழியாகக் கொல்லை வரை. அவள் முன்னால் போய்ப் பெருக்கிக்கொண்டே வந்தாள். தறி நின்றதும் கட்டிலில் படுத்திருந்த புருஷன் எழுந்து, "மறுக்காவும் இவங்களா" என்று முனகிவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தார்.

"தெரு நல்லாக்கீதுன்னு எழுதி குடுத்துட்டியா மேடம்?" என்றாள்.

"எழுதிக்கினே கீறேன் அக்கா."

அது பொய்யில்லை. தெரு நன்றாகத்தான் இருந்தது.

குறுக்குக் கோட்டிலும் அது இருந்தது. பட்டை நேராக வந்து, சமையலறைக்கு இந்தப் பக்கம் அறுந்து, வாசல் வரை மறுபடி தொடங்கவே இல்லை. இரண்டு கோட்டையும் சேர்த்துப் பார்த்தால் வட்டம். பாறையையே குடைந்து இறங்கிய வட்டம் ஒன்றை மனிதர்கள்தான் வெட்ட முடியும். கிணறு. தெரு வருவதற்கு முன்னால் அங்கே கழனி இருந்திருக்க வேண்டும், கழனிக்குப் பெரிய கிணறு. தண்ணீர் போனபின் குப்பையும் மரக்கிளையும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். மக்கி மக்கி உள்ளே வெறுமை ஆகியிருக்கிறது. அந்த மனை ஏன் அத்தனை காலம் காலியாகக் கிடந்தது என்பது தெரிந்தவர்கள் ஒருவரும் தெருவில் மீதி இல்லை. அதன்மேல் வீடு, வீட்டுக்குள் ராத்திரி பகலாக அதிர்கிற தறி.

அறிக்கை போவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தச் செய்தி தபால் மாதிரி அலுவலகத்திலிருந்து அவளுக்கு வரக் கூடாது. மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். மடிக்கணினியை நான் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "இன்னா, வூடுங்கல்லாம் நல்லாக்கீதா?"

"எல்லா வூடும் நல்லாக்கீது அக்கா. ஒரு வூட்டத் தவிர."

"யாரு வூடு?" என்று கேட்டு, பாவப்பட்ட முகத்தோடு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

நான் மடிக்கணினியைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவள் பார்வை தெருவைச் சுற்றிவிட்டு என் முகத்தில் வந்து நின்றது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வூட்டுக்குக் கீழ ஒரு கெணறு கீது அக்கா. பாதி மூடினது. அது எப்போ வேணா..."

"இரு," என்றாள். "எதுவும் சொல்லாத. இரு."

உள்ளே போனாள். தறியின் சுவிட்சை அணைத்தாள். அவர் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பி, ஒன்றும் புரியாமல் விழித்தவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து எதிர்வீட்டுப் படியில் உட்கார வைத்தாள். மறுபடி திரும்பி வந்து, என் கையையும் பிடித்து அவள் வாசலிலிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு தானும் உட்கார்ந்து, வீட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லு மேடம். மொதல்லேந்து சொல்லு."